பல் துலக்காத பன்னிரண்டு பேர்: ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆய்வை வளர்த்த விதம்

எக்செல் தாளில் 43-வது வரிசையில் ஒரு 7 இருந்தது. தாளைக் கொண்டுவந்த முதுநிலை மாணவருக்கு அது கண்ணில் படவே இல்லை. "டேட்டா எடுத்து முடிச்சாச்சு சார், ஸ்டாட்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுத்துடுவேன்" என்றார். அந்தப் பத்தியின் தலைப்பு 'ஈறு குறியீடு'. அந்தக் குறியீட்டில் இருப்பதே 0, 1, 2, 3 என்ற நான்கு எண்கள்தான். 7 எங்கிருந்து வந்தது?

பல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வுமுறை சொல்லிக்கொடுக்கிற எல்லோரிடமும் இப்படி ஒருவர் வருவார். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே இதைச் சொல்லிவிட்டார்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைத் தேடி வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்வார். நானும் சில காலம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். அப்புறம், அப்படி வருபவர்களுக்குப் பதில் சொல்வதைவிட ஒரு பழைய நிகழ்வை முழுசாக எடுத்துப் பேசுவது பயன்படுகிறது என்று தெரிந்தது. அந்த நிகழ்வைத்தான் இங்கே எழுதுகிறேன். 7-க்குக் கடைசியில் வருகிறேன்.

கல்லூரியும் கேள்வியும்

டென்மார்க்கில் ஓர்ஹுஸ் என்ற துறைமுக நகரம். அங்கே பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1958-ல். நார்வேக்காரரான ஹரால்ட் லோ, 1962-ல் அங்கே ஈறுநோய்த் துறையின் பேராசிரியராக வந்து சேர்ந்தார். கல்லூரிக்கு அப்போது நான்கு வயது. பாரம்பரியம், பெயர் பெற்ற ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருந்திருக்க முடியாது.

கேள்வி எளியது. ஈறு ஏன் சிவந்து வீங்கி இரத்தம் கசிகிறது? அன்றைக்கு இதற்குப் பல பதில்கள் புழங்கின. பற்காரை உரசுவதால் என்பார்கள், சத்துக் குறைவு என்பார்கள், உடலின் பொதுவான கோளாறு என்பார்கள். கிருமிகள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வாய் சுத்தமில்லாதவர்களிடம் ஈறு அழற்சி அதிகம் என்று கணக்கெடுப்புகள் காட்டின. ஆனால் அதிலிருந்து எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. ஈறு வலிப்பதால் துலக்காமல் விட்டு அழுக்குச் சேர்ந்திருக்கலாம். அழுக்குச் சேர்ந்ததால் ஈறு கெட்டிருக்கலாம். ஒருநாள் பார்த்துவிட்டுப் போகிற ஆய்வால் இதைத் தீர்க்க முடியாது.

லோ, எல்சே தைலாடே, ஜென்சன் ஆகிய மூவரும் 1965-ல் வெளியிட்ட கட்டுரை அதைத் தீர்த்த விதம் இதுதான். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரை எடுத்தார்கள். அவர்களில் 9 பேர் அதே கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள், ஒருவர் துறையின் ஆசிரியர், இருவர் ஆய்வகப் பணியாளர்கள். எல்லோரும் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். தூரிகை, குச்சி எதுவும் கிடையாது. பற்களில் படலம் சேர்ந்தது. 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. ஈறோரத்திலிருந்து எடுத்த படலத்தைக் கிருமிகளை நிறமூட்டிக் காட்டும் 'கிராம்' சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது கிருமிகளும் படிப்படியாக மாறின. முதலில் உருண்டைக் கிருமிகள், பிறகு இழை வடிவங்கள், கடைசியில் சுருள் வடிவக் கிருமிகள். பிறகு மறுபடி துலக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது, கிருமிகளின் கூட்டமும் பழையபடி ஆனது.

காரணத்தை வைத்தார்கள், நோய் வந்தது. எடுத்தார்கள், போனது. ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு. மூன்று வாரம் பல் துலக்காமல் வகுப்புக்கு வந்தவரின் பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொன்னார் என்பது மட்டும் கட்டுரையில் இல்லை.

அளவுகோல் முதலில் வந்தது

இந்தக் கதையைக் கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் 'எவ்வளவு நல்ல ஐடியா' என்று அந்தச் சோதனையின் வடிவத்தில் மயங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1965-ல் ஈறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல அவர்களிடம் ஒரு அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. அதை அவர்களே இரண்டு வருடம் முன்னால் செய்து வைத்திருந்தார்கள்.

லோவும் சில்னெஸும் 1963-ல் ஈறு குறியீட்டை வெளியிட்டார்கள், 1964-ல் பற்படலக் குறியீட்டை. இரண்டுமே கர்ப்பிணிப் பெண்களின் ஈறு நிலையைப் பற்றிய ஆய்வுக்காகச் செய்யப்பட்டவை. பல் துலக்காத மாணவர்கள் அப்போது யார் மனதிலும் இல்லை. ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பெண். ஈறு நன்றாக இருந்தால் 0. நிறம் கொஞ்சம் மாறி லேசாக வீங்கி, ஆனால் தொட்டால் இரத்தம் வராவிட்டால் 1. சிவந்து, வீங்கி, பளபளத்து, தொட்டால் இரத்தம் வந்தால் 2. நன்றாகச் சிவந்து புண்ணாகி, தானாகவே கசிந்தால் 3. படலத்துக்கும் இதே மாதிரிதான்: கண்ணுக்குத் தெரியாமல் ப்ரோபின் (ஈறோரத்தை ஆராயும் மெல்லிய கருவி) முனையால் சுரண்டினால் மட்டும் வந்தால் 1, வெறும் கண்ணுக்கே தெரிந்தால் 2, மண்டிக் கிடந்தால் 3.

பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 1-க்கும் 2-க்கும் நடுவில் அவர்கள் போட்ட கோட்டைக் கவனியுங்கள். சிவப்பு என்பது பார்ப்பவரின் கண்ணையும் விளக்கின் வெளிச்சத்தையும் பொறுத்தது. இரத்தம் வந்ததா இல்லையா என்பதில் அவ்வளவு தகராறு வராது. அதனால் அந்தக் கோட்டை இரத்தத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். நல்ல குறியீடு செய்பவர் தகராறு வரும் இடத்தை முன்கூட்டியே யோசித்து, அங்கே ஒரு தெளிவான அடையாளத்தை நட்டுவைப்பார். முதுநிலை மாணவர்கள் தாங்களாகவே 'லேசான, மிதமான, தீவிரமான' என்று மூன்று சொல்லை வைத்து ஒரு குறியீடு செய்துகொண்டு வரும்போது இதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். மிதமானது எங்கே முடிகிறது என்று யார் சொல்வது?

இரண்டு கண், ஒரு ஈறு

அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். இங்கேதான் பெரும்பாலான கல்லூரிகளில் ஆய்வுப் பயிற்சி ஓட்டையாக இருக்கிறது. காலிப்ரேஷன், அதாவது பரிசோதகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அளக்கப் பழகுவது, என்று தீசிஸில் ஒரு வரி வரும், 'பரிசோதகர்கள் பயிற்சி பெற்றனர்' என்று. எப்படி, எத்தனை நாள், எவ்வளவு ஒத்துப்போனது, ஒன்றும் இருக்காது.

எங்கள் கல்லூரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு மாணவிகள், நாற்காலியில் ஒரு தன்னார்வலர். முதலாமவர் ஈறோரமாக ப்ரோபை நடத்திக்கொண்டு போய் முழு வாயையும் பார்த்து மதிப்பெண் போட்டார். உடனே இரண்டாமவர் உட்கார்ந்தார். ஒப்பிட்டால் இரண்டாமவரின் தாளில் 2 அதிகம். 'நீ அழுத்திப் பார்க்கிறாய்' என்று முதலாமவர் சொல்ல, கொஞ்சம் வாக்குவாதம். சரி, அடுத்த தன்னார்வலருக்கு வரிசையை மாற்றுங்கள் என்றேன். மாற்றினார்கள். இப்போதும் இரண்டாவதாகப் பார்த்தவரின் தாளில்தான் 2 அதிகம், ஆனால் ஆள் வேறு! ஒரு நிமிடம் இருவரும் பேசவில்லை. பிறகு விஷயம் புரிந்தது. முதலில் பார்த்தவரின் ப்ரோப் தொட்ட இடத்தில் கசிவு தொடங்கிவிடுகிறது, அடுத்தவர் அதையும் சேர்த்து எண்ணுகிறார். அளவெடுப்பதே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டது. அதன்பின் இடைவெளி விட்டோம், யார் முதலில் பார்ப்பது என்பதைச் சீட்டுப் போட்டு மாற்றி மாற்றி வைத்தோம். இதை நூறு ஸ்லைடு போட்டாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

அழுத்தம் இன்னொரு சங்கதி. ஆரோக்கியமான ஈறுகூட, வேண்டிய அளவு குத்தினால் இரத்தம் வரத்தான் செய்யும். நிக்லாஸ் லாங்கும் அவருடன் இருந்தவர்களும் 1991-ல் இதை அளந்து, 0.25 நியூட்டனுக்கு மேல் போனால் நோயில்லாத ஈறிலும் கசிவு வரலாம் என்று காட்டினார்கள். ஏறத்தாழ 25 கிராம் எடை. எலக்ட்ரானிக் தராசின் மேல் ப்ரோபின் முனையை வைத்து 25 வரும்வரை அழுத்தச் சொல்லுங்கள். முதல் முறை பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், தாங்களே சிரிப்பார்கள். இந்தப் பயிற்சிக்குத் தேவைப்படுவது ஒரு தராசு மட்டும்.

ஒத்துப்போவதை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவர் 100 இடங்களைப் பார்க்கிறார்கள், இரத்தம் உண்டா இல்லையா என்று. 85 இடங்களில் இருவரும் இல்லை என்கிறார்கள், 3 இடங்களில் இருவரும் உண்டு என்கிறார்கள், 12 இடங்களில் ஆளுக்கு ஆறாகக் கருத்து மாறுகிறது. 88 சதவீதம் ஒத்துப்போனது என்று எழுதலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளுக்கு 9 இடத்தில் மட்டும் 'உண்டு' என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் தற்செயலாகவே 83.6 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்க ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்த கப்பா கணக்கில் இது 0.27 மட்டுமே வருகிறது. எந்த மேசையிலும் பெருமையாக வைக்கக்கூடிய எண் அல்ல அது. இந்த ஒரு கணக்கைத் தாளில் கையால் போட்டவர்கள் அதற்கப்புறம் வெறும் சதவீதத்தை எழுதுவதில்லை.

பன்னிரண்டா, 1,344-ஆ?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 பேர், ஆளுக்கு 28 பல், பல்லுக்கு நான்கு பக்கம் என்று வைத்தால் 1,344 அளவுகள். எக்செல் தாளில் 1,344 வரிசை இருப்பதால் மாதிரி அளவு 1,344 என்று எழுதும் பழக்கம் பல் மருத்துவ ஆய்வுகளில் ஆழமாக வேரூன்றியது. ஒரே வாயில் இருக்கும் பற்கள் ஒரே உமிழ்நீரில், ஒரே பழக்கவழக்கத்தில் வாழ்கின்றன. ஒன்றைப் பார்த்தால் அடுத்ததைப் பாதி ஊகிக்கலாம். ஒரே வாயின் பரப்புகளுக்கு இடையிலான ஒற்றுமையை (ஒற்றுமையே இல்லை என்றால் 0, முழு ஒற்றுமை என்றால் 1) 0.2 என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த 1,344 அளவுகளின் உண்மையான எடை 58 தனித்தனி அளவுகளுக்குத்தான் சமம். பல்லை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்.

ஒரு சோதனையிலிருந்து கிளைத்தவை

ஓர்ஹுஸ் கல்லூரியின் வெற்றி அந்த ஒரு கட்டுரையோடு நின்றிருந்தால் இதை நான் நிகழ்வு ஆய்வாக எழுத மாட்டேன். 'துலக்குவதை நிறுத்து, பார், மறுபடி தொடங்கு' என்ற சோதனை வடிவமே ஒரு கருவியாகிவிட்டது. லோவும் ஷியொட்டும் 1970-ல் அதே வடிவத்தில் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பைச் சோதித்தார்கள். துலக்காமலே, 0.2 சதவீதக் கரைசலில் தினம் இருமுறை கொப்பளித்தவர்களுக்குப் படலம் சேரவில்லை, ஈறும் கெடவில்லை. இன்று ஈறு அறுவைக்குப் பிறகு எழுதிக்கொடுக்கும் கொப்பளிப்பு நீரின் கதை இங்கே தொடங்குகிறது. அதே ஆண்டில் லோவும் தைலாடேவும் ஃபோன் டெர் ஃபேரும் சேர்ந்து, 50 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் மாணவர்களைத் தினம் ஒன்பது முறை கொப்பளிக்க வைத்து, 23 நாட்களில் பற்சொத்தையின் முதல் வெள்ளைத் தடத்தை உண்டாக்கி, பிறகு சுத்தத்தாலும் ஃப்ளோரைடாலும் அதைத் திரும்பப் போகவைத்தார்கள்.

லோ 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரோடு வேலை செய்த இளைஞர் நிக்லாஸ் லாங் (ஆமாம், மேலே 25 கிராம் சொன்ன அதே லாங்) 1973-ல் வெளியிட்ட ஆய்விலும் பல் மருத்துவ மாணவர்கள்தான் பங்கேற்றார்கள். 12, 48, 72, 96 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுசாகச் சுத்தம் செய்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒழுங்காகத் துலக்கியவர்களுக்கு ஈறு கெடவில்லை, அதைத் தாண்டி இடைவெளி விட்டவர்களுக்குக் கெட்டது. (இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக்குத் துலக்காமல் விட வேண்டாம். அந்த மாணவர்கள் ஒவ்வொரு முறையும் கடைசித் துணுக்குவரை எடுத்தார்கள். நாம் அப்படித் துலக்குவதில்லை.)

தமிழ் வாசகருக்கு இந்தக் கிளைகளில் ஒன்று நெருக்கமானது. லோவின் குழு 1969-ல் ஆஸ்லோவில் மாணவர்களும் கல்வியாளர்களுமான 565 ஆண்களையும், 1970-ல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளர்களையும் பின்தொடரத் தொடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் யாருடைய உழைப்பில் நிற்கின்றன என்று நமக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர்களுக்குத் தூரிகையும் பல் மருத்துவமும் எட்டியதில்லை. எல்லோர் பல்லிலும் படலம், காரை, எல்லோருக்கும் ஈறு அழற்சி. 1965-ன் பாடத்தை நேராகப் பிடித்துக்கொண்டால் எல்லோரும் ஒரே வேகத்தில் பல் இழக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல. 1986-ல் வெளியான கணக்கில் 8 சதவீதத்தினருக்குப் பல்லைத் தாங்கும் பகுதி வேகமாக அழிந்தது, 81 சதவீதத்தினருக்கு நிதானமாக அழிந்தது, 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் போகவே இல்லை. அழுக்கு ஒன்றே, விதி வேறு. தன் பெயரை நிலைநாட்டிய முடிவின் எல்லையை அந்தக் குழுவே அளந்து காட்டியது எனக்குப் பிடித்த விஷயம்.

இந்தக் கணக்கு நிற்பதற்குக் காரணம் அளந்த கைகள்தான். ஓனெருட், பாய்சன் என்ற அதே இரண்டு பரிசோதகர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1985-ல் 161 பேர் மிஞ்சியிருந்தார்கள். 2010-ல் வேறொரு தலைமுறை ஆய்வாளர்கள் போய், அந்த 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். 2017-ல் வந்த அந்த நாற்பதாண்டுக் கட்டுரையில் நிக்லாஸ் லாங் பெயரும் இருக்கிறது. பயிற்சிக்குச் செலவு செய்தால் என்ன வரும் என்று நிர்வாகத்தினர் கேட்கும்போது நான் காட்டுவது இந்தப் பெயரைத்தான்.

சம்மதம் என்றால் என்ன

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் முதலாண்டு மாணவர்கள், கேட்டவர் அவர்களுடைய பேராசிரியர். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழ வேண்டும், எழாவிட்டால் நானே எழுப்புவேன். உங்கள் கைடு (தீசிஸை வழிநடத்தும் ஆசிரியர்) உங்களிடம் கேட்டால் மறுப்பீர்களா?

ஹெல்சிங்கி அறிவிப்பு வந்தது 1964-ல், கட்டுரைக்கு ஒரு வருடம் முன்னால். ஆய்வாளரைச் சார்ந்திருப்பவரிடம் சம்மதம் கேட்பதானால், அந்த உறவுக்கு வெளியே இருக்கும் ஒருவர்தான் கேட்க வேண்டும் என்ற விதி அதன் பிந்தைய திருத்தங்களில் வந்தது. ஓர்ஹுஸ் சோதனைக்குச் சாதகமாக இரண்டு விஷயம் சொல்லலாம்: உண்டான பாதிப்பு திரும்பிப் போகக்கூடியது, துறையின் ஆசிரியர் ஒருவரும் தன் வாயையே கொடுத்தார். சுவீடனில் 1940-களில் விப்பெஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாய் கொடுத்துச் சொத்தை வருகிறதா என்று பார்த்த ஆய்வோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் தூரம் அதிகம். அங்கே விழுந்த பல் திரும்ப முளைக்காது.

தேயிலைத் தோட்டம் எனக்கு இவ்வளவு எளிதாக இல்லை. நோய் தன்போக்கில் வளர்வதைப் பதினைந்து வருடம் அளக்கும் திட்டத்தை இன்று எங்கள் எத்திக்ஸ் கமிட்டிக்கு யாராவது கொண்டுவந்தால், முதல் கேள்வி 'கண்டுபிடித்த நோய்க்கு என்ன செய்வீர்கள்' என்பதாகத்தான் இருக்கும். அந்த ஆய்வு தந்த அறிவை நான் தினமும் பயன்படுத்துகிறேன். அந்தக் கேள்வியையும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் மாற்றியவை

ஆய்வுக்கு ஆதரவு என்றால் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது கருவி, அப்புறம் பிரசுரக் கட்டணம். ஓர்ஹுஸில் பயன்பட்டவை கண்ணாடி, ப்ரோப், நுண்ணோக்கி, சாயம். விலை உயர்ந்தது ஆட்களின் நேரம். அதனால் நாங்கள் கேட்டது நேரத்தைத்தான்: கைடாக இருப்பவர்களுக்கு வாரத்தில் அரைநாள் வெளிநோயாளிப் பணியிலிருந்து விடுப்பு. இதை வாங்குவதற்கு ஒரு புதிய கருவி வாங்குவதைவிட அதிகக் கூட்டங்கள் தேவைப்பட்டன. முதுநிலை மாணவர்கள் முதல் மூன்று மாதம் தலைப்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்து மதிப்பெண் போட்டுப் பழகுகிறார்கள், தராசில் அழுத்திப் பழகுகிறார்கள். ஒரு நோயாளியையும் பார்ப்பதற்கு முன்னால் இன்னும் நிரப்பாத எக்செல் தாளைப் புள்ளியியலாளரிடம் காட்ட வேண்டும். மாணவர்களைப் பங்கேற்பாளராகக் கேட்பதாக இருந்தால் வேறு துறையிலிருந்து ஒருவர் வந்து, கைடு இல்லாத அறையில் கேட்கிறார். தாளில் ஒவ்வொரு வரிசைக்கும் பரிசோதகரின் எண் கட்டாயம்.

கடைசி விதி அந்த 7-லிருந்து வந்தது. மாணவரோடு உட்கார்ந்து மூலப் படிவங்களை எடுத்துப் பார்த்தோம். 43-வது படிவத்தில் இருந்தது 7 அல்ல, 1. தலையில் நீளமாகக் கொக்கி போட்ட 1. மாணவர் அப்படி எழுதுவதில்லை. யார் எழுதியது என்று கேட்டதும் கொஞ்சம் தயங்கி, 'கேம்ப் அன்னைக்கு இன்டர்ன் ரெண்டு பேர் உதவி பண்ணாங்க' என்றார். இருவரும் பயிற்சி முடிந்து போய்விட்டார்கள், காலிப்ரேஷன் எதுவும் நடக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து படிவங்களை மூன்று அடுக்காகப் பிரித்தோம், ஒரு மாலை முழுக்க ஆனது. மாணவர் தானே பார்த்த அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு, மாதிரி குறைந்ததையும் ஏன் குறைந்தது என்பதையும் எழுதி, ஒரு பருவம் தாமதமாகத் தீசிஸைக் கொடுத்தார்.